அக்னி மூலையில் ஒரு ஜெனரேட்டர்

வாரத்தில் இரண்டு நாள் என் ரத்தம் எனக்கு வெளியே போய்விட்டு வருகிறது. திங்களும் வியாழனும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவேன். முதல் மாடியில் டயாலிசிஸ் வார்டு. கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும். சுத்தமாகி இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷமே என் சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. கணக்கு டீச்சராக இருந்தவள். யாராவது என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினால் எனக்குக் கோபம் வரும். மெஷின் ஓடுகிறது, நான் இருக்கிறேன். இதில் உச்சுக் கொட்ட என்ன இருக்கிறது?

ஆனால் மெஷின் ஓடக் கரண்ட் வேண்டும், தண்ணீர் வேண்டும். இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று வருஷக்கணக்காக நான் கேட்டதில்லை. ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிவதைப் போல அதுவும் வரும் என்று இருந்துவிட்டேன். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை மதியம் பெய்த மழைதான் கேட்க வைத்தது.

அன்று என் பக்கத்துக் கட்டிலில் தொட்டியத்திலிருந்து வரும் பெண் படுத்திருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். வாழை விவசாயம். புருஷன் இல்லை, தோப்பை அவளே பார்த்துக்கொள்கிறாள். மெஷினில் படுத்துக்கொண்டே போனில் ஆட்களை விரட்டுவாள். எதிர்க் கட்டிலில் பெரிய கடை வீதிப் பக்கத்து பாய். வளைகுடாவில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து, சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் சம்பாதித்துக்கொண்டு திரும்பியவர். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் பெண்ணை நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

மழை சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. வாய்க்கால் நிரம்பி, தெரு நிரம்பி, தண்ணீர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றால் ஷாக் அடிக்கும் என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சரியான காரியம்தான். அந்த நேரத்தில் ஓட வேண்டிய எங்கள் ஜெனரேட்டர் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. அது இருந்த பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர்.

மெஷினுக்குள் சின்ன பேட்டரி உண்டு. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் குழாயில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிட வேண்டும். பேட்டரியும் போனால் பம்பைக் கையால் சுற்ற வேண்டும். அதற்கென்று ஒரு கைப்பிடி இருக்கிறது. பாப்பா என் பம்பைச் சுற்றினாள். நர்ஸ் பாய்க்குச் சுற்றினாள். தொட்டியத்துக்காரிக்குச் சுற்ற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டரே நனைந்த பேண்டோடு மாடி ஏறி ஓடி வந்து, அவள் பம்பைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் பார்த்துவிட்டாள். "டீச்சரம்மா, என் ரத்தம் நின்னு போச்சு," என்றாள். கத்தவில்லை. குழாயையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். நான் பார்த்தேன். குழாய்க்குள் சிவப்பு அசையாமல் நின்றது.

டாக்டர் சுற்றியதில் ரத்தம் உள்ளே போய்விட்டது. எல்லோரும் பிழைத்தோம். ஆனால் அரைகுறை டயாலிசிஸ். வியாழக்கிழமைக்கும் ஜெனரேட்டர் காயவில்லை, தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியிலும் சேற்றுத் தண்ணீர் கலந்திருந்தது. எங்களை வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாயும் நானும் போனோம். தொட்டியத்துக்காரி போகவில்லை. அந்த வியாழனும் அடுத்த திங்களும் ஊரோடு இருந்துவிட்டாள். உடம்பில் நீர் கோத்து, நுரையீரலில் ஏறி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் கொண்டு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். பிழைத்து எழுந்து எங்கள் வார்டுக்குத் திரும்பியதும் அவள் சொன்ன முதல் பேச்சு, "தை பொறக்கட்டும். மழை முடிஞ்சதும் வரேன்."

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதற்கு அர்த்தம் தெரியும். அவள் தை மாதத்தைப் பார்க்கப் போவதில்லை.

"என்ன பேசுற நீ? ரெண்டு முறை விட்டாலே என்னாகும்னு இப்பதானே பார்த்த?" என்றேன்.

"தெரியும். வீட்ல செத்தா என் கட்டில்ல சாவேன். இங்க, என் ரத்தத்த வெளிய நிறுத்தி வச்சுக்கிட்டு என்னால சாக முடியாது."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. "ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள அந்த ஜெனரேட்டர் மேல ஏறிடும். நான் ஏத்த வைக்கிறேன். அதுவரைக்கும் ஒழுங்கா வா. ஏறலைன்னா நீயும் வர வேணாம், நானும் வரல," என்று சொல்லிவிட்டேன். ஜெனரேட்டரைப் பற்றி அப்போது எனக்கு அது பச்சையா நீலமா என்பதுகூடத் தெரியாது. அவள், "சரி, அதுவரைக்கும் வரேன்," என்றாள். பாய் எதிர்க் கட்டிலிலிருந்து, "டீச்சர், எங்களையும் கேட்டுட்டு வாக்குக் குடுங்க," என்றார்.

கீழே போய் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். வளாகத்தின் தென்கிழக்கு மூலை. வாய்க்காலைப் பார்த்துச் சரியும் நிலத்தில் அதுதான் ஆகத் தாழ்ந்த இடம். சின்னப் பிள்ளைகூடத் தண்ணீர் அங்கேதான் போய் நிற்கும் என்று சொல்லிவிடும். அங்கே ஏன் வைத்தார்கள்? தென்கிழக்கு அக்னி மூலை. ஜெனரேட்டர் என்றால் நெருப்பு. நெருப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும். வாஸ்துப்படி எல்லாம் சரி. தண்ணீருக்குத்தான் வாஸ்து தெரியவில்லை.

டாக்டர் ஸ்ரீரங்கத்துக்காரர், கோயிலோடு ஊறிய குடும்பம். என்னை இரண்டு முறை சாவின் வாசலிலிருந்து இழுத்து வந்தவர். வைத்தியத்தில் அவரைக் குறை சொல்ல வாயே வராது. ஆஸ்பத்திரி ஆரம்பித்த புதிதில் வாசலைத் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிய பிறகுதான் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள் என்பது அவர் கணக்கு. அந்தச் சமயத்தில்தான் கிழக்கு வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப் வந்தது என்பது என் கணக்கு. கிண்டல் செய்ய எனக்கும் பெரிய தகுதி கிடையாது. என் வீட்டு அடுப்பும் தென்கிழக்கில்தான் இருக்கிறது. அதை மாற்றச் சொன்னால் நானும் ஒப்பமாட்டேன்.

அவர் அறைக்குப் போனேன். இந்த வளாகத்தில் மேடான இடம் தென்மேற்கு மூலை, ஜெனரேட்டரை அங்கே மாற்றுங்கள் என்றேன்.

"கன்னி மூலையில அக்னியா? டீச்சர், வேற எது வேணா சொல்லுங்கோ," என்றார்.

"வடமேற்கு?"

"அது ஆம்புலன்ஸ் வர வழி. இத்தனை வருஷத்துல ஒரு தடவைதானே தண்ணி வந்திருக்கு? சராசரியா பார்த்தா இந்த ஊர்ல அப்படி ஒண்ணும் பெரிய மழை கிடையாதே. மிச்சத்தைப் பெருமாள் பார்த்துப்பார்."

சராசரி என்ற வார்த்தையை ஒரு கணக்கு டீச்சரிடம் சொல்லியிருக்கக் கூடாது. "டாக்டர், ஒரு பையன் நூறு வாங்குறான், ஒருத்தன் முட்டை வாங்குறான். சராசரி ஐம்பது. வகுப்பே பாஸ்னு சொல்லுவீங்களா? இப்ப மழை அப்படித்தான் பெய்யுது. மாசக்கணக்கா முட்டை, ஒரு மத்தியானத்துல நூறு. உங்க ஆஸ்பத்திரி சராசரி மழைக்குக் கட்டினது. சராசரி மழை வரதே இல்ல. பெருமாள் என்னையும் பார்த்துப்பார், உங்களையும் பார்த்துப்பார். ஜெனரேட்டரை நாமதான் பார்க்கணும்," என்றேன். அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பம்பைச் சுற்றிய கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மதியத்தை அவரும் மறக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கன்னி மூலை கன்னி மூலைதான்.

இவரோடு மோதிப் பயனில்லை, இவர் யார் பேச்சைக் கேட்கிறாரோ அவரோடு மோதலாம் என்று தோன்றியது. வாஸ்து பார்ப்பவரை வரவழைக்கச் சொன்னேன். நெற்றி நிறையத் திருநீறும் கையில் திசைகாட்டியுமாக ஒரு பெரியவர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் சட்டையை இன் பண்ணிய இளைஞர். போனிலேயே திசை பார்த்தார். துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தவராம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மூலை மாறக் கூடாது, சரி. உயரம் மாறலாமா? அதே தென்கிழக்கு, அதே அக்னி. தரையில இல்லாம, தூண் போட்டு, மாடி உயரத்துல?"

அவர் யோசித்தார். "அக்னி மேல எழும்புறது நல்லதுதாங்கம்மா. ஆனா ஒண்ணு. தென்கிழக்கு உசந்தா, அதைவிடத் தென்மேற்கு உசரமா இருக்கணும். இல்லைன்னா தோஷம்."

"எவ்வளவு உசரம்?"

"ஜெனரேட்டரைவிட உசரமா, கனமா ஏதாவது மொட்டை மாடியில வரணும். தண்ணித் தொட்டி வைக்கலாங்க. மேல்நிலைத் தொட்டிக்கு அதான் உகந்த இடம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புரட்டாசி மழையில் கீழ்த்தொட்டி சேறாகிப்போய், கரண்ட் வந்த பிறகும் தண்ணீர் இல்லாமல் மெஷின் ஓடவில்லை. மொட்டை மாடியில் பெரிய தொட்டி இருந்தால், கீழே என்ன வெள்ளம் வந்தாலும் எங்களுக்கு நல்ல தண்ணீர் தானாக இறங்கி வரும். நான் கேட்கத் துணியாததைத் தோஷம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது. டாக்டர் முகம் மலர்ந்து, "இதை முன்னமே சொல்லப்படாதோ!" என்றார். அன்றைக்கே கொத்தனாருக்குப் போன் போட்டார். அந்த இளைஞர் கிளம்பும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "தண்ணி நிக்கிற இடம் எனக்கும் தெரியுதுங்கம்மா. அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்ல?" என்றார். அவர் மேல் எனக்கு அதன்பிறகு தனி மரியாதை.

வேலை ஆரம்பித்தது. நான் ஊசியும் குழாயுமாகப் படுத்திருக்க, ஜன்னலுக்கு வெளியே தூண்கள் எழும்பின. மெஷினிலிருந்து இறங்கினால் தலை சுற்றும்; சுற்றிய தலையோடு போய் மேற்பார்வை பார்ப்பேன். கொத்தனார் என்னைக் கண்டாலே கைவேலையை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்வார். பாய் ஒரு நாள் என்னோடு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "டீச்சர், மாப்பிள்ளையை மேடையில உட்கார வச்சுட்டு தாலியைக் கீழே வச்சிருக்காங்க," என்றார். ஜெனரேட்டருக்குக் கரண்ட்டை மாற்றிவிடும் சுவிட்ச் பெட்டி பழைய பள்ளத்துச் சுவரிலேயே இருந்தது. டீசல் கேன்களும் அங்கேதான். அவ்வளவு கவனமாகத் தூணை அளந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. பெட்டி முதல் மாடிக்குப் போனது. டீசல் மேடைக்குப் பக்கத்திலேயே தனி அறைக்குப் போனது.

இன்னொரு வேலையை நாங்களாகவே செய்துகொண்டோம். சிமெண்டும் கம்பியும் ஆஸ்பத்திரியைத்தான் காக்கும். ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியைக் காக்காது. லால்குடியிலிருந்து வருபவர் இருக்கிறார், தொட்டியத்திலிருந்து வருபவள் இருக்கிறாள். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தாலோ, மழை எச்சரிக்கை வந்தாலோ முந்தின நாளே ஊருக்குள் வந்துவிட வேண்டும், உள்ளூரில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒருவரை வீட்டில் தங்க வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேசி வைத்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் யாராவது ரோஜாப்பூப் போட்டுக் காலை வணக்கம் சொன்னால் நான் திட்டுவேன். தொட்டியத்துக்காரி எனக்கு. லால்குடிக்காரர் பாய் வீட்டுக்கு. அவருக்குச் சாப்பாட்டில் உப்பே போடக் கூடாது என்பதால் பாய் வீட்டில் பிரியாணி செய்கிற வெள்ளிக்கிழமைகளில் எச்சரிக்கை வராமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. தூண் ஆறி, தொட்டி ஏறி, ஜெனரேட்டர் மட்டும் இன்னும் பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தது. கிரேன் வருகிற அன்று தூறும். தூறாத அன்று கிரேன் வராது. தொட்டியத்துக்காரி ஒவ்வொரு முறையும் படியேறுவதற்கு முன் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்ப்பாள். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏறவில்லை என்றால் நான் உண்மையிலேயே வராமல் இருப்பேனா என்று ஒரு நாள் யோசித்தேன். இருக்கமாட்டேன். எனக்கு உயிர் மேல் ஆசை உண்டு. அவள் இருப்பாள். சொன்னால் செய்கிறவள் அவள். அதுதான் என் பயம்.

கடைசியில் ஒரு வெயில் காலையில் கிரேன் வந்தது. டாக்டர் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, ஜெனரேட்டரைத் தூக்கச் சொன்னார். பாய் வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொன்னார். நான் கம்பி வடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடையில் உட்கார்ந்ததும் ஓட்டிப் பார்த்தார்கள். பட்டென்று பிடித்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். எங்களுக்கு அளவாக ஒரு ஸ்பூன்.

அதற்கு அடுத்த வாரமே பெரிய மழைக்கு எச்சரிக்கை வந்தது. அவள் ஞாயிறு மாலையே பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை இருவரும் ஆட்டோ பிடித்துப் போனோம். மெஷினில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. எதிர்க் கட்டிடம் மறைந்தது. வாய்க்கால் தெருவுக்கு வந்தது, தெரு வளாகத்துக்குள் வந்தது. பாப்பா ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "டீச்சர்மா, பழைய பள்ளம் ரொம்பிருச்சு," என்றாள். தொட்டியத்துக்காரி கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. நான் கையை நீட்டினேன். கட்டில்களுக்கு நடுவே எட்டவில்லை. "நான் இருக்கேன்," என்றேன். உபயோகமில்லாத பேச்சு. மெஷினை ஓட்ட நான் எதற்கு?

கரண்ட் நின்றது.

விளக்கு அணைந்து, காற்றாடி தயங்கி, பேட்டரியில் மெஷின்கள் பீப் என்று கத்த ஆரம்பித்தன. பாப்பா கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். சுவரின் அந்தப் பக்கத்தில், எங்கள் காதுக்கு நேர் உயரத்தில், ஜெனரேட்டர் உறுமியது. கட்டிலே அதிர்ந்தது. விளக்கு வந்தது. குழாய்க்குள் சிவப்பு போய்க்கொண்டே இருந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் கேட்காது. டாக்டர் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். பெருமாள் என்று உதடு அசைந்தது. நான் தலையாட்டினேன். அன்றைக்கு அவரோடு வம்புக்குப் போக எனக்கு மனம் இல்லை. தெருவில் மற்ற எல்லா இடமும் இருட்டாக இருக்க, எங்கள் வார்டில் முழு நேரமும் முடிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அளவாகத்தான் தண்ணீர் குடிக்கிறேன், அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ரத்தம் முழுவதும் உள்ளே போய், ஊசியை எடுத்து, பாப்பா பஞ்சை வைத்து அழுத்தினாள். நான் தொட்டியத்துக்காரியைப் பார்த்தேன். அழுவாள், அல்லது என்னைக் கும்பிடுவாள், அப்படி ஏதாவது செய்தால் திட்ட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவள் போனைக் காதில் வைத்திருந்தாள். தோப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று யாரையோ விரட்டிவிட்டு, போனை இறக்கிப் பாப்பாவிடம் சொன்னாள்:

"வியாழக்கிழம வாழத்தார் வெட்டுக்கு ஆளு வராங்க. மழ வந்தாலும் வரலைனாலும் என்னைய மொத ஆளா ஏத்தி விட்ரு. நான் மத்தியானத்துக்குள்ள தோப்புல இருக்கணும்."